போத்தாக் நம்பர் மூன்று

திரையின் மேலே சிவப்பாக ஒரு பட்டை வந்து நின்றது. சிஸ்டத்தில் இடம் தீரப்போகிறது, தீர்ந்துவிட்டால் புது பில் போட முடியாது என்று அதில் எழுதியிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாங்கள் மலேசியாவில், கூலாய் ஊரில், தோட்டங்களுக்குத் தண்ணீர்ப் பம்பும் குழாயும் விற்கிற கடை. அதே பம்பு, அதே குழாய், அதே வாடிக்கையாளர்கள், அதே புலம்பல். வியாபாரம் கூடவில்லை. சிஸ்டம் மட்டும் ஊதிக்கொண்டே போனால் யாருக்குத்தான் கோபம் வராது?

முதலாளி என் அறைக்குள் வந்து பட்டையை எட்டிப் பார்த்தார். அவரை எல்லோரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம்.

"என்னாம்மா இது? கடை மெலிஞ்சிக்கிட்டே போவுது, கம்ப்யூட்டர் மட்டும் கொழுக்குது?"

"நானா தீனி போட்டேன்?"

"யார் போட்டாலும் சரிலா. இந்த வாரத்துக்குள்ள இளைக்க வையி. முடியலன்னா அந்த கேஎல்காரங்ககிட்டயே மொத்தமா குடுத்துடுறேன். நீ பழையபடி ஸ்டோருக்குப் போயிடலாம்."

ஸ்டோர் என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். மேலே தகரக் கூரை, கீழே சிமெண்டுத் தரை, நடுவில் கிரீஸ் நாற்றம். மதியத்தில் பம்பைத் தொட்டால் கை சுடும். அங்கே பல வருடம் சரக்கு எண்ணிவிட்டு, கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள் என்பதால் இந்த அறைக்கு வந்தேன். இங்கே ஏர்கோன் உண்டு. கடகடவென்று சத்தம் போடும், வாளியில் சொட்டும். இருந்தாலும் குளிரும். பொய் சொல்ல மாட்டேன். அன்றைக்கு நான் சண்டை போட்டது கம்பெனிக்காக இல்லை, அந்த ஏர்கோனுக்காக.

சிஸ்டத்தை விற்ற கேஎல் கம்பெனிக்கு, கோலாலம்பூருக்குப் போன் போட்டேன். ஒரு தம்பி எடுத்தான். குரலில் அவ்வளவு பணிவு. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

"மேடம், போன அப்டேட்டுல தேடுறத வேகமாக்கியிருக்கோம். அதுக்குத்தான் இடம் போவுது."

"தேடுறதுக்கு எதுக்குடா இடம்?"

அவன் விளக்கினான். தடித்த புத்தகத்தின் கடைசியில், எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று ஒரு பட்டியல் இருக்கும் அல்லவா, அதைப்போல சிஸ்டமும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பட்டியல் எழுதி வைத்துக்கொள்கிறது. அதனால்தான் தேடினால் பட்டென்று கிடைக்கிறது. எந்தெந்தக் கட்டத்தில் இருக்கும் சொற்களை எழுத வேண்டும் என்பதற்கு டிக் போட ஓர் இடம் இருக்கிறது. போய்ப் பார்த்தேன். எல்லாக் கட்டத்துக்கும் டிக் போட்டிருந்தது.

"யாருடா எல்லாத்துக்கும் போட்டது?"

"அது தானா வர்றது மேடம்."

"தானா வர்றதுக்கு அது என்ன மழையா?"

அவன் சிரித்துவிட்டான். அதற்கு மேல் அவனைத் திட்ட முடியவில்லை.

எங்கள் கடையில் பட்டியல் புத்தகத்தைவிடப் பெரிதாகப் போயிருந்தது. காரணம் குறிப்புக் கட்டம். கவுண்டரில் இருக்கும் அக்கா, வாடிக்கையாளரின் குறிப்புக் கட்டத்தில் கதையே எழுதி வைப்பார். கேட்டில் நாய் உண்டு, ஹார்ன் அடிக்கவும். மதியம் தூங்குவார், எழுப்ப வேண்டாம். மருமகனிடம் சரக்கைக் கொடுக்காதே. பில் போடும்போதெல்லாம் அந்தக் கதை முழுவதும் பில்லுக்குள்ளும் ஒரு பிரதி போய் உட்காரும். சிஸ்டம் ஒவ்வொரு பிரதியையும் படித்து, ஒவ்வொரு சொல்லையும் மறுபடி மறுபடி பட்டியலில் எழுதும். ஒரே நாய் எங்கள் சிஸ்டத்தில் ஆயிரம் தடவை குரைத்துக்கொண்டிருந்தது. நிஜ நாய் இந்நேரம் செத்தே போயிருக்கும்.

குறிப்புக் கட்டத்தின் டிக்கை எடுத்துவிட்டேன். மறுநாள் காலையில் சிவப்புப் பட்டை இல்லை. ஏர்கோனை இன்னும் கொஞ்சம் குளிரவைத்து, நுரைக்க ஆற்றிய தே தாரேக் டீ ஒன்று வாங்கிவந்து உட்கார்ந்தேன். பாதிகூடக் குடிக்கவில்லை, கவுண்டரிலிருந்து சத்தம்.

"ஏய்! என்னா பண்ணித் தொலைச்ச? ஒரு ஆளையும் காணோம் இதுல!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். அக்கா 'போத்தாக்' என்று அடித்துத் தேடுகிறார். ஒன்றுமே வரவில்லை. எதிரில் லாயாங் லாயாங் ஊரிலிருந்து வந்த பெரியவர் நிற்கிறார். முன்தலை பளபளக்கிறது. எங்கள் பக்கம் தலையில் முடி இல்லாதவர் எல்லோரும் போத்தாக்தான், அவர் எந்த இனமாக இருந்தாலும் சரி. பல் நீண்டவருக்கு ஒரு பெயர், குண்டாக இருப்பவருக்கு ஒரு பெயர். பதிவு செய்த கம்பெனிப் பெயர் எவருக்கும் தெரியாது. அந்தப் பட்டப்பெயர்கள் எல்லாம் இருந்தது குறிப்புக் கட்டத்தில், நாய்க்கும் மருமகனுக்கும் நடுவில். நான் டிக்கை எடுத்ததும், சிஸ்டம் அங்கே தேடுவதையே விட்டுவிட்டது.

"அண்ணே, கம்பெனி பேரு சொல்லுங்க," என்றேன்.

"எனக்கெப்படித் தெரியும்? பொண்டாட்டி பேருல இருக்கு."

"போன் போட்டுக் கேளுங்க."

"அவ பேசமாட்டா. முந்தாநாளுலருந்து சண்டை."

பின்னால் வரிசை நீண்டது. அவர் கத்த, அக்கா கத்த, நான் இரண்டு பேரையும் பார்த்துக் கத்தினேன். கடைசியில் பெரியவர் பில் இல்லாமல் குழாயைத் தூக்கிக்கொண்டு போனார். பாஸ் மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டோர் சாவியைக் கையில் சுழற்றினார்.

டிக்கைத் திரும்பப் போட்டால் பட்டை வந்துவிடும். போடாவிட்டால் கவுண்டர் படுத்துவிடும். யோசித்தேன். வாடிக்கையாளர் பக்கத்தில் 'இரண்டாம் பெயர்' என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. யாரும் அதைத் தொட்டதே இல்லை. அதில் பட்டப்பெயரை மட்டும் ஒரே சொல்லாகப் போட்டு, அதற்கு மட்டும் டிக் போட்டால் போதும். பில்லுக்குப் பில் கதை பட்டியலில் ஏறாது. தேடவும் கிடைக்கும். நாய் அதன் கட்டத்திலேயே நிம்மதியாகத் தூங்கலாம்.

மதியம் முழுக்க அக்கா சொல்லச் சொல்ல நான் அடித்தேன்.

"போத்தாக் எத்தனை பேருக்கா இருக்காங்க?"

"மூணு. நம்பர் போட்டுக்கோ. காலையில கத்துனாரே, லாயாங் லாயாங்காரரு, அவரு ஒண்ணு. பண்டார் தெங்காராக்காரரு ரெண்டு. பொந்தியான்காரரு மூணு."

வேலை முடிந்தது. பட்டையும் வரவில்லை, தேடினால் பட்டென்றும் வந்தது. பாஸ் வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை பொந்தியானுக்கு லோரி போனது. மதியம் பாஸ் என் அறைக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"டெலிவரி தாள்ல என்னா அடிச்சிருக்குன்னு பாத்தியா?"

பார்த்தேன். பெரிய எழுத்தில் கம்பெனிப் பெயர். அதற்கு நேர் கீழே, அதே பெரிய எழுத்தில், 'போத்தாக் 3'. இரண்டாம் பெயர் தாளிலும் அச்சாகும் என்று அந்தப் பணிவான தம்பி எனக்குச் சொல்லவே இல்லை.

"அலமாக், போச்சு," என்றேன்.

"அலமாக்கா? நம்மகிட்ட ஆக அதிகமா பம்பு எடுக்குற ஆளு அவரு! கெளம்பி வர்றாராம். அவரு போனாருன்னா, நீயும் ஸ்டோருக்குப் போறே."

பொந்தியான்காரருக்கு அன்னாசித் தோட்டம். சீனர். ரப்பர் தோட்டத்து லய வீடுகளில் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்தவர், தமிழில் என்னைவிட வேகமாகத் திட்டுவார். தாளைக் கையில் பிடித்தபடி நேராக என் அறைக்குள் வந்தார். பாஸ் பின்னாலேயே ஓடிவந்தார்.

"யாரு எழுதுனது?"

"நான்தான். தலையில முடி இல்ல, போத்தாக்னு எழுதினேன். பொய்யா?"

பாஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

பொந்தியான்காரர் தொப்பியைக் கழற்றினார். ஒரு முடிகூட இல்லை.

"முடி இல்ல. அது எனக்குத் தெரியாதா? வீட்டுல கண்ணாடி இருக்கு. நான் கேக்குறது வேற." தாளை மேசைமேல் அடித்து விரலை வைத்தார். "இது என்னா மூணு?"

நான் குனிந்து அந்த மூணைப் பார்த்தேன்.

"ஒங்க பாஸ் கடை தொறந்த நாள்லருந்து நான் வாங்குறேன். எனக்கு முன்னாடி ரெண்டு போத்தாக் யாரு?"

"லாயாங் லாயாங்காரரு ஒண்ணு," என்றேன்.

"அவனா! அவனுக்குப் பின்னாடி இன்னும் முடி இருக்குலா! சைடுலயும் இருக்கு! அவன் எப்படி ஒண்ணு? பாரு, நான் முழுசு!" திரும்பி நின்று பின்தலையைக் காட்டினார்.

கதவோரம் நின்றிருந்த அக்கா முதலில் சிரித்தார். பிறகு பாஸ். பிறகு நான் சிரித்த சிரிப்பில் ஏர்கோன் சத்தமே கேட்கவில்லை. அவர் மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"மாத்து. மாத்துறத நான் பாக்கணும்."

மாற்றினேன். அவர் போத்தாக் 1, லாயாங் லாயாங்காரர் போத்தாக் 3. புதுத் தாளை அடித்துக் கையில் கொடுத்தேன். அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தபிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

"ஜில்லுனு நல்லாருக்கு இங்க. இனிமே வந்தா இங்கயே உக்காந்துக்குறேன். தே சொல்லு."

பாஸ் தானே போய்த் தே வாங்கிவந்தார். பொந்தியான்காரர் கிளம்பிப் போனதும் பாஸ் என்னைப் பார்த்துச் சொன்னார். "நீ இந்த ரூமை விட்டு அசையாதே. அவரு வந்தா ஒக்கார எடம் வேணும்."

கேஎல் தம்பிக்குப் போன் போட்டு, இரண்டாம் பெயர் தாளில் அச்சாகாதபடி செய்ய வைத்தேன். அவனுக்குக் கிடைத்த திட்டு அவனுக்குச் சேர வேண்டியதுதான். பொந்தியான்காரருக்கு மட்டும் இன்னும் அச்சாகிறது. அவர் கேட்டுக்கொண்டார்.

சிவப்புப் பட்டை அதற்குப் பிறகு வரவில்லை. ஒரே ஒரு தொந்தரவுதான். லாயாங் லாயாங்காரருக்குத் தான் இப்போது மூன்றாவது என்று தெரியாது. தாளில் வராததால் தெரிய வழியும் இல்லை. ஆனால் அக்காவின் வாயை நம்ப முடியாது. லாயாங் லாயாங்காரர் வண்டி வாசலில் வந்து நின்றால், நான் அறைக்கதவைத் தாழ் போட்டுக்கொண்டு ஏர்கோனை இன்னும் கொஞ்சம் குளிரவைக்கிறேன்.