மூன்று சுழிக் கவணம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். இது நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில், மணி இரண்டு பத்திலிருந்து மூன்று ஏழு வரை. சுவர்க் கடிகாரம் எனக்கு நேர் எதிரே இருந்தது. பேய் என்றால் இருட்டில்தான் வரும் என்று அதுவரை நினைத்திருந்தவன் நான்.

பார்சல் ஆபீஸில் எனக்குப் பேக்கிங் வேலை. என் தங்கச்சி புருஷனும் நானும் அங்கே ஒன்பது வருஷம் ஜோடி. மாப்பிள்ளைக்கு என்னைவிட இரண்டு வயது கூட. கனமான பெட்டி என்றால் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு முனை நான், மறுமுனை அவர். "ஒண்ணு... ரெண்டு..." என்று அவர் எண்ணுவார். மூன்று என்று சொன்னதே கிடையாது. நான் "ம்" என்பேன், பெட்டி எழும்பிவிடும். எங்களுக்குள் இன்னொரு சட்டமும் உண்டு. பிடி மாற்றுகிறவன் முதலில் "மாத்துறேன்" என்று சொல்ல வேண்டும். மற்றவன் "ம்" சொன்ன பிறகுதான் விரலை நகர்த்த வேண்டும்.

பெட்டி மேல் மார்க்கரால் எழுதுவதும் மாப்பிள்ளைதான். இரண்டு சுழி போட வேண்டிய இடத்தில் மூன்று சுழி போட்டு, 'கவணம்' என்று கொட்டை எழுத்தில் எழுதுவார். ஆபீஸே சிரிக்கும். "பெட்டி உடையாமப் போனாப் போதும், எழுத்து உடைஞ்சா என்ன?" என்பார். எனக்கு அப்போது எழுத்தே தெரியாது. பக்கத்தில் உடைந்த கண்ணாடி டம்ளர் படம் போடுவதோடு சரி.

போன மழைக்காலத்தில் ஒரு வீட்டின் மூன்றாம் மாடியிலிருந்து ஓர் ஆம்ப்ளிஃபயரை இறக்கினோம். அவர் கீழ்ப்படியில், நான் மேல்படியில். என் விரல் மரத்துப்போனது. "மாத்துறேன்" என்று நான் சொல்லவில்லை. அவர் கீழேயிருந்து என் கையையே பார்த்தார். "மச்சான், விட்டுறாத" என்றார். அதற்குள் விட்டிருந்தேன்.

மறுநாள் மேனேஜர் ஒரு காகிதத்தை நீட்டினார். என்ன ஏது என்று கேட்காமல் பெருவிரலை உருட்டினேன்.

அதற்கப்புறம்தான் தங்கச்சி எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். நாற்பத்தேழு வயதில், தாலி இழந்தவள் எதிரே உட்கார்ந்து அ, ஆ எழுதினேன். எழுத்துக்கூட்டி நானாக வாசித்த முதல் காகிதம், அவள் பீரோவில் இருந்த, மேனேஜர் நீட்டிய அந்தக் காகிதத்தின் நகல். 'இறந்தவரின் கவனக்குறைவே காரணம்.' கீழே என் ரேகை.

ஒருநாள் சோறு போடும்போது அவள் சொன்னாள்: "ஊரான் பெட்டிக்கெல்லாம் கவனம்னு எழுதினாரு. தனக்கு எழுதிக்கல பாரு, அண்ணே."

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நல்ல மழை. மற்றவர்கள் வேறொரு லோடு இறக்கப் போய்விட்டார்கள். இரண்டு பத்துக்கு கிடார் வாசிக்கும் அம்மா ஒருவர் வந்தார். வேறு ஊருக்குக் குடிபோகிறாராம். வண்டிக்காரரும் அவருமாக ஓர் ஆம்ப்ளிஃபயரை இறக்கிவைத்தார்கள். நாற்பத்துமூன்று கிலோ. ரிப்பேர் கடையில் பழசாக வாங்கியதாம். "படியில விழுந்ததாம். அதான் சல்லிசாக் கிடைச்சுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இடது மூலை நசுங்கியிருந்தது.

அந்த மூலையை எனக்குத் தெரியும். அன்றைக்கு அதைத் துணியால் துடைத்தவன் நான்.

வேலையைப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். கண்ணாடி பல்பு மாதிரி இருக்கும் வால்வுகளைக் கழற்றி, ஒவ்வொன்றையும் பபுள் ஷீட்டில் சுற்றித் தனி டப்பாவில் வைத்தேன். ஒயரைத் தனியாகச் சுருட்டினேன். திருகும் குமிழ்களுக்கு மேல் ஸ்பாஞ்சு கொடுத்தேன். டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும் கனமான பக்கம் கீழே வரும்படி உள்பெட்டியில் வைத்து ஒட்டினேன். இனி அதை அப்படியே தூக்கி, தெர்மாகோல் பரப்பிய வெளிப்பெட்டிக்குள் இறக்க வேண்டும். அதற்கு முன்னால் சாய்த்து ஆட்டிப் பார்ப்பது வழக்கம். உள்ளே சத்தம் வரக் கூடாது.

மணி 2.38. சாய்த்தேன்.

டொக்.

பிரித்துப் பார்த்தேன். எதுவும் ஆடவில்லை. வால்வு டப்பா வெளியே, மேஜை மேல் இருந்தது. மறுபடி ஒட்டினேன்.

மணி 2.51. நான் சாய்க்கவே இல்லை.

டொக்... டொக்...

இரண்டு தட்டு. பிறகு அமைதி. யாரோ எண்ணிவிட்டுக் காத்திருப்பது போல...

நாலரைக்கு லாரி. மற்றவர்கள் வந்தபாடில்லை. என் முனையில் கை கொடுத்துக் குனிந்தேன்.

டொக்... டொக்...

என்னையறியாமல் என் வாய் "ம்" என்றது.

பெட்டி எழும்பியது.

சமமாக. எதிர்முனையும் சேர்ந்து...

நான் தலை தூக்கவில்லை.

மார்க்கர் மை வாசனை.

விரல் மரத்தது. அதே விரல்.

"மச்சான்..."

மழைதான் என்று நினைத்தேன்.

"...விட்டுறாத."

"மாத்துறேன்" என்றேன்.

ஒரு மூச்சு நேரம்...

"ம்."

மாற்றினேன். பெட்டி நூலளவும் அசையவில்லை.

இறக்கினோம்.

ஆமாம். இறக்கினோம்.

மணி 3.07. நிமிர்ந்து பார்த்தேன். எதிரே சுவரும் கடிகாரமும்தான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே இடைவெளியை நிரப்பி, வெளிப்பெட்டியை ஒட்டி, வார் போட்டுக் கட்டினேன். மேலே 'கவனம்' என்று எழுதினேன். இரண்டு சுழி. சாய்த்துப் பார்த்தேன். சத்தமே இல்லை.

சனிக்கிழமை கிடார்க்காரம்மா போன் செய்தார். ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்ததாம். "உள்பெட்டிலகூட எழுதியிருக்கீங்களே, அங்க மட்டும் சுழி தப்பு" என்று சிரித்துவிட்டு, போட்டோ அனுப்பினார்.

உள்பெட்டியில் நான் எதுவும் எழுதவில்லை.

போட்டோவில், நான் பிடித்த முனைக்கு எதிர்முனையில், இன்னொருவர் கை கொடுக்கும் இடத்தில்... 'கவணம்'.

போனைத் தங்கச்சியிடம் கொடுத்தேன். பெரிதாக்கிப் பார்த்தாள். "அவரு எழுத்து" என்றாள். அப்புறம் என்னால் தாங்க முடியவில்லை. படியில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவள் திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நீ விட்டது அவருக்குத் தெரியுமா?"

"தெரியும். என் கையத்தான் பாத்துட்டிருந்தாரு."

எழுந்து போய்த் தாளும் பேனாவும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "எழுது. இந்தத் தடவ கையெழுத்துப் போடு."

ஆபீஸுக்கு எழுதினேன். 'பிடியை மாற்றியது நான். சொல்லாமல் மாற்றினேன். இறந்தவர் மேல் தப்பில்லை. கவனக்குறைவு என்னுடையது.' ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக்கொண்டே எழுதினேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் போட்டேன்.

அவள் தாளை எடுத்து வாசித்தாள். கடைசி வரியில் குரல் நின்றது. 'கவனக்குறைவு' என்ற சொல்லில் ஓர் எழுத்தின் அடியில் விரலை வைத்து என் பக்கம் திருப்பினாள்.

மூன்று சுழி.

நான் இரண்டுதான் போட்டேன். எழுதும்போது அவளும் பார்த்தாள்.

அதைத் திருத்தாமல் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தோம்.