முப்பத்தாறு குடைகளும் ஃபாஸிலின் ஆறாவது சஹனும்

அக்குறணைக் கடைத்தெருவில் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கும் ஃபாஸிலுக்கு இந்த வருடம் நாற்பத்திரண்டு வயது. அவர் தொடங்கி முடிக்காமல் விட்ட காரியங்கள், எனக்குத் தெரிந்தவரை, ஏழு. 2011இல் காடை வளர்க்கக் கூடு கட்டினார், காடை வாங்கவில்லை. 2014இல் ஊர்க் கடைகளின் தொலைபேசிப் புத்தகம் தொகுத்தார். அது ‘க’ வரிசையோடு நின்றது. 2017இல் வீட்டுக்கு மாடிப்படி கட்டத் தொடங்கினார். பதினேழு படி வர வேண்டிய இடத்தில் பதினொன்று வந்தது. பதினோராவது படியில் அவர் மனைவி பஸீஹா ஓர் அந்தூரியச் சட்டி வைத்திருக்கிறார். அதுவரை ஏறி, பூவைப் பார்த்துவிட்டு, இறங்கலாம். மற்ற நான்கையும் எழுத வேண்டாமென்று ஃபாஸில் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

நான் கட்டுகஸ்தோட்டையில் இருந்துகொண்டு 1984 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து குறிப்புக் கொப்பிகளில் மழையளவு எழுதி வருகிறேன். மாதம் ஒருமுறை பஸ்ஸேறிப் போய் அந்தப் பக்கங்களை ஃபாஸிலின் கடையில் பிரதி எடுப்பேன். அவருடைய இயந்திரம் ஒன்றுதான் ‘குறிப்பு’ என்ற கடைசி நிரலை வெட்டாமல் எடுக்கும்.

அக்குறணை மழை சொல்லாமல் வரும், சொல்லாமல் நிற்கும். வரும்போது ஆட்கள் குடையோடு கடைக்குள் ஓடி வருவார்கள். நின்றதும் குடையை விட்டுவிட்டுப் போவார்கள். ஃபாஸில் ஒவ்வொரு குடையின் பிடியிலும் திகதி எழுதிய துண்டொன்றைக் கட்டிப் பின்னறை ராக்கையில் அடுக்கி வந்தார். 2025 மார்ச் மூன்றாம் திகதி நான் எண்ணியபோது முப்பத்தாறு இருந்தன. அவற்றில் இருபத்தொன்பது கறுப்பு.

ஜூன் மாதம் அவர் ஓர் இணைய வகுப்பில் டிஜிட்டல் சேகரிப்பு அட்டைகளைப் பற்றிக் கற்றுக்கொண்டார். கையில் பிடிக்க முடியாத, போனில் மட்டும் இருக்கும் படம். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஓர் உரிமையாளர். யாருடையது என்பது உலகெங்கும் பல கணினிகளில் ஒரே நேரத்தில் பதியப்படும்.

“பதிஞ்சா யாராலயும் அழிக்க ஏலா ஐயா,” என்றார்.

“மேலே வெள்ளை மை பூசினாலுமா?”

“ஏலா.”

அப்படியொரு பதிவேடு இருப்பதைக் கேட்டு எனக்கு மிகவும் ஆறுதலாக இருந்தது.

குடைகளைத்தான் அவர் அட்டையாக்கினார். ஒவ்வொன்றையும் விரித்து, அதன் கீழே நிற்பவர் அண்ணாந்து பார்த்தால் தெரிவதுபோல உள்பக்கமாக வரைந்தார். “வெளிய பார்த்தா எல்லாம் ஒண்டுதான். உள்ள பார்த்தாத்தான் குடைக்கு முகம் ஈக்கி,” என்றார். அட்டைக்கு விலை கிடையாது. எடுப்பவர் அந்தக் குடைக்குக் காப்பாளர். சொந்தக்காரர் வந்தால் குடை அவருக்குப் போய்விடும். அட்டை காப்பாளரிடமே இருக்கும்.

பஸீஹா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். அந்த ராக்கை அவருக்குத் தண்ணீர்ப் போத்தல் வைக்கத் தேவைப்பட்டது.

“ஆகஸ்ட் முப்பத்தொண்டு,” என்றார். “அண்டைக்குப் பின்னேரம் அசர் தொழுகைக்குப் பாங்கு செல்ல முந்தி முப்பத்தாறுக்கும் ஆள் வரணும். ஒண்டு குறைஞ்சாலும் குடையெல்லாம் குப்பை லொறியில. பொறகு இனி ஒண்டும் தொடங்க மாட்டேன் எண்டு நீங்க எழுதித் தரணும். ஐயாட கொப்பியில.”

“ஒண்டுமே தொடங்கப்படாதா?”

“தேத்தண்ணி ஊத்திக் குடிக்கலாம்.”

ஃபாஸில் தலையாட்டினார். நான் 212ஆம் பக்கத்தை வெறுமையாக விட்டுவைத்தேன்.

முதலில் அவர் வட்ஸ்அப்பில் ‘குடை’ என்றொரு குழு தொடங்கி, அந்த அழியாத பதிவேடு எப்படி வேலை செய்கிறது என்று நான்கு நிமிடம் பேசி அனுப்பினார். சேர்ந்தவர்கள் பதினொருவர். அட்டை எடுத்தவர் எவருமில்லை. விலகியவர்கள் ஐவர்.

அடுத்ததாகப் பெரிய கதை சொல்லிப் பார்த்தார். ஏழாம் இலக்கக் குடை ஒருமுறை கண்டிப் பெரஹெரா ஊர்வலத்தில் யானையொன்றை நனையாமல் காத்தது என்று எழுதினார். அந்தக் குடையை நான் அளந்திருந்தேன். விரித்தால் தொண்ணூற்றுநான்கு சென்ரிமீற்றர். நான் அதைச் சொல்வதற்குள், மடவளையில் பேக்கரி வைத்திருக்கும் முஹ்ஸின் குழுவில் கேட்டுவிட்டார்: “யானைட எந்தப் பக்கத்த?”

இரண்டு நாள் அதே கேள்விதான் ஓடியது. அந்தக் கிழமை அட்டை எடுத்தவன் நான் ஒருவன்தான், நான்காம் இலக்கம். பரிதாபத்தால் எடுத்தேன்.

“தம்பி,” என்றேன், “யானை வேணாம். குடை வந்த திகதி உங்ககிட்ட இருக்கு. அன்னைக்குப் பெஞ்ச மழை எங்கிட்ட இருக்கு. இருக்கிறத மட்டும் எழுதுங்க.”

அவர் அப்படியே எழுதினார். ‘குடை 12. 2019 மே 21. மழை 38.4 மில்லிமீற்றர். கைப்பிடியில் பல் அடையாளம். கடித்தது யார்?’ அதற்கு மேல் எழுத அவருக்கு ஒன்றும் வரவில்லை. பாதியில் விட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனார்.

திரும்பி வந்தபோது குழுவில் அறுபத்து மூன்று செய்திகள். குழந்தை கடித்தது என்றார் முஹ்ஸின். பாயிஸா என்ற ஆசிரியை மறுத்தார். “ரெண்டு கையிலயும் சாமான் பேக். பஸ்ல ஏறணும். குடைய வாயிலதான் கவ்வணும். நானே கவ்வியீக்கேன்.” முஹ்ஸின் பல்லின் அளவு கேட்டார். பாயிஸா டீச்சர், இந்த அட்டை முஹ்ஸினிடம் போகக் கூடாது என்பதற்காகவே அதைத் தாமே எடுத்துக்கொண்டார்.

ஃபாஸில் போனைப் பார்த்துக்கொண்டே கதிரையில் இருந்தார். “ஐயா, முடிக்காம விட்டாத்தான் வாறாங்க,” என்றார். முடிக்காமல் விடுவதில் அவருக்கு இருந்த அனுபவம் அந்தக் கடைத்தெருவில் வேறு யாருக்கும் கிடையாது. ஜூலை இருபதுக்குள் பதினேழு அட்டைகள் போயின.

பிறகு வேகம் குறைந்தது. தன் அட்டையை எடுத்தவர் தன் பாட்டில் இருந்தார். அடுத்த ஆளைக் கூட்டிவர அவருக்குக் காரணமில்லை. அதற்கு ஃபாஸில் கண்டுபிடித்த வழி கலியாண வீட்டிலிருந்து வந்தது. எங்கள் பக்கத்து முஸ்லிம் கலியாணங்களில் ஆறு பேர் ஒரு பெரிய தட்டைச் சுற்றி இருந்து சாப்பிடுவார்கள். அதுதான் சஹன். ஐந்து பேர் இருந்தால் மூடியைத் திறக்க மாட்டார்கள். ஒருவர் விரலை உயர்த்தி “இங்க ஒராள்!” என்று கூப்பிடுவார்; ஆறாமவர் வந்து அமரும்வரை பசியோடு காத்திருப்பார்கள். ஃபாஸில் முப்பத்தாறு அட்டைகளையும் ஆறு சஹன்களாகப் பிரித்தார். ஆறு காப்பாளர்களும் சேர்ந்தால்தான் அந்த ஆறு குடைகளையும் கோத்த கதை திறக்கும். கலியாணத்தில் ஒருவர் இரண்டு சஹனில் சாப்பிட முடியாது. ஆகவே ஒருவருக்கு ஓர் அட்டை மட்டும்; பரிமாறுபவரான ஃபாஸிலுக்கு அதுவும் இல்லை.

அதன் பிறகு ஆள் தேடும் வேலையை அவர் செய்யவில்லை. ஐவர் இருந்த சஹன்களே செய்தன. மருந்தகத்தில் வரிசையில் நின்றவரைக் கேட்டார்கள். பல் பிடுங்கப் போனவர் வாய் மரத்திருந்த நிலையில் வைத்தியரைக் கேட்டு, சம்மதமும் வாங்கிவிட்டார். நான்காம் சஹனில் ஒருவர் ஆறாமவர் வரும் முன்பே கதையைக் கொஞ்சம் காட்டும்படி ஃபாஸிலைத் தனியாகக் கேட்டது வெளியே தெரிந்து, “பிஸ்மி செல்லித் தொடங்க முந்தி சஹன்ல கை வெச்ச ஆள்” என்று இரண்டு கிழமை ஏச்சு வாங்கினார்.

ஆகஸ்ட் இருபத்தெட்டாம் திகதி முப்பத்தைந்து அட்டைகள் போயிருந்தன. மிஞ்சியது முப்பத்தாறாம் இலக்கம். சாதாரணக் கறுப்புக் குடை, பெண்கள் பிடிப்பது. உள்ளே ஒரு கம்பியோரம் மட்டும் பச்சை நூலால் தைக்கப்பட்டிருந்தது. துண்டில் ஃபாஸில் எழுதியிருந்தது: ‘2023 ஆகஸ்ட் 8. ஏசிவிட்டுப் போனவர்.’ ஏசியது யாரென்று அவருக்கு நினைவில்லை. அந்தக் கடையில் ஏசுபவர்கள் அதிகம். நான் மழையைக் கொடுத்தேன், 52.6 மில்லிமீற்றர். ‘குடையை மறக்கும் அளவுக்கு ஏசிய இந்தப் பெண் யார்?’ என்று அவர் அட்டையில் எழுதினார்.

நாற்பத்தொரு பதில்கள் வந்தன. எல்லோரும் ஏற்கெனவே அட்டை எடுத்தவர்கள். முஹ்ஸின் எழுதினார்: “மூளைக்கு ஒதுக்கின இடத்தையும் வாய்க்கே குடுத்த மனிசி.”

முப்பத்தோராம் திகதி ஞாயிற்றுக்கிழமை, முஹ்ஸினின் அண்ணன் மகளுக்குக் கட்டுகஸ்தோட்டை மண்டபமொன்றில் கலியாணம். குழுவில் பாதிப்பேர் அங்கேதான். ஃபாஸில், முஹ்ஸின், நான், வேறு இருவர் ஒரு சஹனில் அமர்ந்தோம். ஐந்து பேர். ஃபாஸில் விரலை உயர்த்தினார்.

“இங்க ஒராள்!” பிறகு, இன்னும் உரக்க, “வட்ஸ்அப்லயும் ஒராள்!”

மாத்தளையிலிருந்து வந்த ஒரு பெரியவர் வந்து அமர்ந்தார். மூடி திறக்கும் முன்பே ஃபாஸில் விஷயத்தைச் சொன்னார்.

“தம்பி, என்ட போன்ல படம் வராது,” என்றார் அவர். “எனக்குக் குடையும் இல்ல. தொப்பிதான்.” பிறகு புரியாணியில் கோழி இருந்த பக்கத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். ஃபாஸில் ஒரு பிடிகூடச் சரியாகச் சாப்பிடவில்லை. அசர் பாங்கு 3.21க்கு. அப்போது மணி 1.40.

பெண்கள் திரைக்கு அப்பால் இருந்தார்கள். அங்கே நடந்ததை அஸீமா பிறகு எனக்குச் சொன்னார். அஸீமா பஸீஹாவின் தங்கை, இருபத்தோராம் இலக்கத்தின் காப்பாளர். ஒரு பொருள் காணாமல் போனதில் இருவரும் இரண்டு வருடமாக ஸலாம் மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தார்கள். பஸீஹா அதுவரை அட்டைகளில் ஒன்றையும் பார்த்ததில்லை. பார்க்க மாட்டேன் என்று சொல்லியிருந்தார். அன்று அஸீமா போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“ராத்தா, இந்தப் பச்சை நூல் யார்ட தையல்?”

2.50க்குப் பஸீஹா வாகனத் தரிப்பிடத்துக்கு வந்தார். ஃபாஸில் அங்கே ஓட்டோக்காரர் ஒருவரிடம் அட்டையைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார்.

“இது என்ட குடை,” என்றார் பஸீஹா.

“எப்பிடி?”

“கறுப்பு நூல் முடிஞ்சி. அஸீமாட சல்வார் தைச்ச மிச்ச நூலால நான்தான் தைச்சேன்.”

“அந்தக் குடைய நான் எடுத்த எண்டு ரெண்டு வருஷம் என்ன கள்ளியாக்கினீங்களே!” என்றார் பின்னால் வந்த அஸீமா.

“நீ கொஞ்சம் நில்லு. உனக்குப் பொறகு செல்றேன்.”

“ஆகஸ்ட் எட்டு,” என்றார் ஃபாஸில் மெதுவாக. “அண்டைக்குக் கடைக்கு வந்து மாடிப்படிக்கு ஏசின. நீங்கதான்.”

“ஏசாம? குடை எனக்கு, அது சரி. அட்டை?”

“அட்டைய யாரும் எடுக்கலாம். நீங்களும்…”

“எனக்கு என்னத்துக்கு இந்தப் பைத்தியம்?”

மணி 3.09. முஹ்ஸின் பல்லைக் குத்திக்கொண்டே வந்தார். “என்ட மாமாட மகன் கொழும்புல ஈக்கான். அவனுக்கு எடுத்துக் குடுக்கவா? குடைட படத்தப் போன்ல முன்னுக்குப் போட்டுக்கொள்ளுவான்.”

“என்ட தையல, என்ட குடைட உள்பக்கத்த, கொழும்புல ஒரு ஆம்புள வெச்சிப் பார்க்கிறதா?” பஸீஹா தன் போனை ஃபாஸிலிடம் நீட்டினார். “எங்க அமத்தணும்? காட்டுங்க!”

பஸீஹா அமத்தியது 3.14க்கு. ஆறாவது சஹன் திறந்தது. மண்டபத்துக்குள் எழுந்த சத்தத்தில் மாப்பிள்ளை எழுந்து நின்றுவிட்டார். ஃபாஸில் முகத்தைக் கைலேஞ்சியால் மூடிக்கொண்டு ஓட்டோவின் மேல் சாய்ந்தார். ஓட்டோக்காரர் ஒன்றும் விளங்காமல் அவர் முதுகைத் தடவினார். பஸீஹா குழுவில் சேர்ந்ததும் முதல் வேலையாக நாற்பத்தொரு பதில்களையும் படித்தார்.

“மூளைட இடத்தையும் வாய்க்குக் குடுத்த மனிசி எண்டு எழுதினது யாரு?”

முஹ்ஸின் கலியாண இனிப்பான வட்டலப்பம் பார்க்கப் போயிருந்தார். பஸீஹாவின் பங்கு வட்டலப்பம் முழுவதும், வேறு பேச்சில்லாமல், அஸீமாவின் கைக்குப் போனது.

நான் 212ஆம் பக்கத்தைத் திறந்து என்ன எழுதுவது என்று கேட்டேன். பஸீஹா கணவர் பக்கம் திரும்பினார்.

“மாடிப்படியில எத்தின பாக்கி?”

“ஆறு,” என்றார் ஃபாஸில்.

“ஆறுதானே. ஒரு சஹன். அத எழுதுங்க ஐயா.”

மறுநாளே ஃபாஸில் குழுவில் ஆறு படிகளுக்கும், கூட நின்று கட்டித்தர, காப்பாளர்கள் கேட்டார். அன்றே ஆறு பேர் வந்தார்கள். இதை எழுதும் 2025 நவம்பர் இரண்டாம் திகதி, பன்னிரண்டாம் படியும் பதின்மூன்றாம் படியும் சிமெந்து காய்ந்து இருக்கின்றன. அந்தூரியச் சட்டி இரண்டு படி மேலே போயிருக்கிறது. பதினான்காம் படி முஹ்ஸினுடையது. பாண் போட்டு முடித்ததும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். இதுவரை ஒன்பது நாள்.