ராகு காலத்தில் தூக்கணாங்குருவி

போன வாரம் மனைவியின் பிறந்த வீட்டில் ஒரு வளைகாப்பு. காரில் போனோம். புது நாலுவழிச் சாலை. கடலூரில் ஏறி உட்கார்ந்து, போனில் நாலு செய்தியைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தால் சிதம்பரம். நடுவில் வெள்ளாறு என்று ஒன்று உண்டே, அது வந்ததா போனதா தெரியவில்லை.

இப்படிச் சல்லென்று போகும்போதெல்லாம் என் மாமா மேல் பழைய கோபம் திரும்பி வரும். மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். இரண்டாயிரத்து ஆறோ ஏழோ, நான் கடலூரில் கூரியர் ஆபீசில் வேலை பார்த்த காலம். எனக்குப் பெண் பார்க்கச் சிதம்பரம் கிளம்பினோம். ஆவணி ஞாயிற்றுக்கிழமை. பொம்பளைகள் முன்னாடியே பஸ்ஸில் போய்விட்டார்கள். நான் மாமாவின் பைக்கில். அதற்கு முன் பார்த்த இரண்டு இடத்திலும் 'சொல்லி அனுப்புறோம்' என்றார்கள். இன்னும் சொல்லி அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் அம்மா கறாராகச் சொல்லியிருந்தாள்: "நாலரைக்கு ராவுகாலம். அதுக்குள்ள வாசப்படி மிதிச்சிடணும். இதுவும் தட்டிப்போச்சுன்னா என்னால ஆவாதுப்பா."

மாமாவோ எதைப் பார்த்தாலும் பைக்கை நிறுத்துகிற ரகம். ஆலப்பாக்கம் தாண்டியதும், டிராக்டர் பின்னால் நடக்கும் நாரைகளுக்காக ஒரு நிறுத்தம். "கலெக்டர் பின்னாடி ஆபீசருங்க போற மாதிரியே போவுதுங்க பாரு மச்சான்!" வெள்ளாற்றுப் பாலத்தில் ஸ்டாண்டே போட்டுவிட்டார். கடல் ஏறியதில் ஆற்றுத் தண்ணீர் திரும்பி வந்துகொண்டிருந்தது.

"ஆறு மேக்கால போவுது மச்சான், பாத்தியா?"

"அது தெனமும் போவும் மாமா. எனக்குப் பொண்ணு தெனமும் கெடைக்குமா?"

"ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்காதா?"

பழமொழி சொன்னால் நான் மடங்கிவிடுவேன் என்பது அவருக்குத் தெரியும். அன்றைக்கு மட்டும் பழமொழியோடு சேர்த்து அவரையும் ஆற்றில் தள்ளலாம் போல இருந்தது.

பெண் வீட்டுத் தெருவில் நுழையும்போது நாலரை தாண்டிவிட்டது. வாசலில் நின்ற அம்மா, கோழியை விரட்டுவதுபோல் கையாலேயே எங்களை விரட்டினாள். ராகு காலம் முடிகிற ஆறு மணி வரை எதிரே இருந்த வாய்க்கால் மதகுதான் எங்களுக்குக் கதி. புதுச்சட்டை கழுத்தை அறுத்தது. உள்ளேயிருந்து கேசரி வாசனை வேறு. இத்தனையும் செய்த மனிதர் துண்டை விரித்துத் தூங்கியே போனார்.

அவரைத் திட்டித் திட்டி அலுத்து நிமிர்ந்தேன். தண்ணீர் மேல் சாய்ந்த ஈச்சமரம். ஓலைதோறும் தூக்கணாங்குருவிக் கூடுகள். பாதி கட்டிய கூட்டில் தொங்கியபடி ஒரு மஞ்சள் தலைக்காரன் இறக்கையை அடித்துக் கூப்பிட்டான். பெட்டை ஒன்று வந்தது. உள்ளே எட்டிப் பார்த்தது, அலகால் ஒரு நார் இழுத்துப் பார்த்தது, பறந்துவிட்டது. சொல்லி அனுப்புறோம்! அவன் போய் இன்னொரு நார் கிழித்து வந்து முடிச்சுப் போட்டான். அடுத்தவள் வந்தாள், அவளும் போனாள். மறுபடியும் நார். எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த மாதிரி மரத்தடியில் எத்தனை வருஷம் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறேன்! ஒரு நாள் நிமிர்ந்ததில்லை.

"ஆறாச்சு மச்சான், எழுந்திரு," என்று தூங்கி விழித்த மாமா என்னை உலுக்கினார்.

"இருங்க மாமா. மூணாவதா ஒண்ணு உள்ள போயிருக்கு. வெளிய வருதான்னு பாக்கணும்."

"அடப்பாவி! உங்கம்மா என்னையில்ல கொல்லுவாங்க!"

அது வெளியே வரவில்லை. நான் எழுந்து போனேன்.

மாடி ஜன்னலிலிருந்து பெண் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள் என்பது கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரிந்தது. "வாயப் பொளந்துக்கிட்டு குருவி பாத்தீங்களா, செரி, இந்த ஆளுகிட்ட பேசுறதுக்கு எதுனா இருக்கும்னு தோணிச்சு."

போன வாரம் அதே வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கினேன். எதிரே வாய்க்காலை மூடி சிமெண்டு போட்டிருந்தார்கள்.

"ஈச்சமரம் எங்க?" என்றேன்.

"அத வெட்டி மூணு வருஷமாவுது. அன்னைக்கே சொன்னேனே! போனப் பாத்துக்கிட்டே 'உம்'னீங்க," என்று சொல்லிவிட்டு என் மனைவி உள்ளே போனாள்.

கூடத்தில் மாமா எங்களுக்கு முன்னாடியே வந்து உட்கார்ந்திருந்தார்.

"வெள்ளாறு எந்தப் பக்கம் போவுது மாமா?"

"யார் பாத்தா மச்சான்? கண்ண மூடித் தொறந்தா சிதம்பரம். நல்ல நேரத்துக்கு வந்துட்டன் பாத்தியா?"

அந்த மனிதர் மேல் எனக்கு அவ்வளவு கோபம் என்றைக்கும் வந்ததில்லை.