ஆரஞ்சுத் தோலுக்கு ஒரு நாடு

போன மாதம் ஓர் ஆரஞ்சுத் தோலுக்காக என் கணவர் திட்டு வாங்கினார். நம்ம ஊர்த் திட்டு இல்லை. சிரித்த முகமாக, "தப்பா நினைக்காதீங்க சார்..." என்று ஆரம்பித்த ஒரு குட்டிப் பிரசங்கம். இடம் – பின்லாந்தில் ஒரு காடு.

எங்கள் மகள் பிரிசில்லாவுக்கு அங்கே வேலை. கோடைக்கு வாருங்கள் என்று பல வருடமாக நச்சரித்தாள். போனால், நேரே காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஏரிக்கரையில் ஒரு மரவீடு. கரண்ட் இல்லை, குழாய் இல்லை. கழிவறையில் தண்ணீருக்குப் பதில் ஒரு வாளி மரத்தூள். இதற்குப் பெயர் 'பொறுப்பான சுற்றுலா'.

"கரண்டு இல்லாத வூட்ட பாக்கவா இம்மாந்தூரம் பிளைட்ல வந்தோம்?" என்றார் என் கணவர் சேவியர். எண்ணூர்க் குப்பத்தில் பிறந்தவர். ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர். விமானம் வழியெல்லாம் புகை கக்கியதில் பொறுப்பு எங்கே போயிற்று என்று எனக்கும் சந்தேகம்தான். யாரைக் கேட்பது?

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவள் ஹெலி என்ற இளம்பெண். காட்டு வாசலில் ஒரு பிரஷ்ஷைக் காட்டி, ஷூவின் அடியைத் தேய்க்கச் சொன்னாள். வெளியூர் விதை எதுவும் உள்ளே வந்துவிடக் கூடாதாம். பாசியை மிதிக்காதீர்கள் – வளர வருடக்கணக்காகும். ஏரியில் சோப்பு கூடாது. கொண்டு வந்ததை எல்லாம் திருப்பிக் கொண்டு போக வேண்டும்.

இதற்கு நடுவில்தான் சேவியர் ஓர் ஆரஞ்சை உரித்து, தோலைப் புதரோரம் போட்டார். ஹெலி குனிந்து ஒவ்வொரு துண்டாக எடுத்தாள். "இது இந்தக் காட்டைச் சேர்ந்தது இல்லை சார். இந்த ஊர்க் குளிரில் சீக்கிரம் மக்காது." பிரிசில்லா மொழிபெயர்த்தாள். சேவியர் தோலை வாங்கித் தன் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

(கொசுவை மட்டும் யாரும் திருப்பிக் கொண்டு போகச் சொல்லவில்லை. அந்த ஊர்க் கொசுவுக்கு முன்னால் எங்கள் திருவொற்றியூர்க் கொசு ஒன்றுமே இல்லை.)

மத்தியானம் ஹெலி ஏரித் தண்ணீரை ஒரு குவளையில் மொண்டாள். அப்படியே குடித்தாள்.

"இன்னாம்மா, காய்ச்சாமயா குடிக்குது இந்தப் பொண்ணு?"

"குடிக்கலாம் டாடி. சுத்தமான தண்ணி."

சேவியர் ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய். அப்புறம் சட்டையைக் கழற்றிவிட்டு ஏரியில் இறங்கிவிட்டார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இந்த மனிதர் நீந்திப் பழகியது எண்ணூர் முகத்துவாரத்தில். கல்யாணமான புதிதில் என்னைக் கரையில் உட்கார வைத்துவிட்டு, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நீந்திக் காட்டியவர். அப்புறம் ஆற்றுக்குள் அனல்மின் நிலையத்து நிலக்கரிச் சாம்பல் வந்தது. இறங்கினால் உடம்பெல்லாம் தடிப்பு, அரிப்பு. அந்தத் தண்ணீரில் காலே வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார் தோல் டாக்டர். வைக்கவில்லை. பாதி ஆயுசு அப்படியே போய்விட்டது.

ஏரித் தண்ணீர் ஐஸ். இறங்கியவர் ஏறவே இல்லை. உதடு நீலம் பாரித்தது. "மேல வாங்க, ஜன்னி வந்துடப் போவுது!" என்று நான் கரையில் நின்று கத்தினேன். ஹெலி கம்பளியோடு ஓடி வந்தாள். கடைசியில் பல் தந்தியடிக்க ஏறி வந்தவர், கையை நீட்டி என்னிடம் காட்டினார்.

"பாரேன்... அரிக்கவே இல்ல."

அவர் கண் சிவந்திருந்தது. தண்ணீரால் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். "உங்கள் ஊரில் ஆறு உண்டா?" என்று கேட்டாள் ஹெலி. சேவியர் ஆசையாகப் போனை எடுத்தார். அவர் தம்பி மைக்கேல் இன்னும் எண்ணூரில்தான் இறால் பிடிக்கிறார். மைக்கேல் அனுப்பிய படம் – இடுப்பளவு தண்ணீரில் அவர், பின்னால் வெளிறிப்போன கரை.

ஹெலியின் முகம் மலர்ந்தது. "அட! உங்கள் ஊரிலும் பனி விழுமா? ஆறு உறையுமா?"

பிரிசில்லா என்னைப் பார்த்தாள். நான் சேவியரைப் பார்த்தேன். அவர் போனை மெல்ல அணைத்தார்.

"எஸ், எஸ்... விண்டர்."

படுக்கப் போகும்போது எனக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க பொய் சொன்னீங்க?"

"வேற இன்னா சொல்ல சொல்ற? ஆத்துல சாம்பல கொட்னாங்க, நாங்க பாத்துகினு இருந்தோம்னா?"

ஊர் திரும்பினோம். சாக்லேட் வாங்கிப் போக மைக்கேல் வந்தார். சேவியர் எல்லாக் கதையும் சொன்னார் – ஏரி, குவளை, ஆரஞ்சுத் தோல், பனி. நான் சிரித்தேன். மைக்கேல் சிரிக்கவில்லை.

"ஒரு தோலுக்கு அந்தப் பொண்ணு குனியுதா அண்ணாத்தே?"

"ஆமாண்டா."

"இங்க ஆறே பூட்ச்சு. எவன் குனிஞ்சான்?" குரல் உயர்ந்தது. "போன வாரம் தொப்பி போட்டுகினு ஒரு கூட்டம் வந்துச்சு அண்ணி. கரைய சுத்தம் பண்றாங்களாம். எங்க வூட்டு பொம்பளைங்களுக்கு துணிப்பை குடுத்து, பிளாஸ்டிக் போடாதீங்க, ஆத்த காப்பாத்துங்கன்னு கிளாஸ் எடுத்தாங்க. எங்களுக்கு! அந்தாண்ட சாம்பல் தண்ணி வந்துகினே கீது. அத்த ஒருத்தனும் திரும்பிக்கூட பாக்கல."

நீங்களே சொல்லுங்கள். கையில் ஒரு தோலோ பையோ வைத்திருப்பவனிடம்தான் உலகம் முழுவதும் பொறுப்பு பேசுகிறார்கள். அங்கே பேசிவிட்டுக் குனிகிறார்கள். இங்கே பேசுவதோடு சரி... போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

மைக்கேல் போன பிறகு சேவியர் மகளுக்குப் போன் போட்டார். "அந்தப் பொண்ணாண்ட சொல்லிடும்மா. அது பனி இல்ல... சாம்பல்."

அடுத்த நாள் பிரிசில்லா கூப்பிட்டாள். ஹெலிக்கு நம்பவே முடியவில்லையாம். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம் – "கொட்டியவர்கள் எப்போது திருப்பி எடுத்துக்கொண்டு போவார்கள்?"

என்ன பதில் சொன்னாய் என்று மகளிடம் நான் கேட்கவில்லை.

மைக்கேலிடமாவது அந்தக் கேள்வியைக் கேட்கலாம் என்றால், அவர் விடிந்ததுமே அரிப்புக்குப் பயந்து காலில் தேங்காயெண்ணெயைத் தடவிக்கொண்டு ஆற்றில் இறங்கிவிட்டார். அவருக்கு ஏது லீவு!