வாஸ் யேதோ

இன்று புனேயின் ஔந்தில் எங்கள் அடுக்ககத்து லிஃப்டுக்குள் யாரோ விட்டுச்சென்ற வறுத்த கல்பாசி மணம், சிஞ்ச்வட்டில் இப்போது இல்லாத அந்தத் தகரக்கூரை வரிசை வீடுகளுக்கு என்னை இழுத்துப்போனது. பக்கத்து வீட்டு மராட்டியச் சித்தி, அவர்கள் பேச்சில் 'காக்கு', கொப்பரையும் எள்ளும் கல்பாசியும் வறுக்கும் நாளில், பட்டறைகளின் இரும்பு வாடைகூட ஒதுங்கி வழிவிடும்.

ஊருக்குப் புதிதான அம்மாவுக்குக் காக்குதான் ஒரே பேச்சுத்துணை. ஒருநாள் அம்மா காக்குவின் வாசலில் நின்று, நெஞ்சு நிறைய இழுத்து, அரைகுறை மராட்டியில் பாராட்டினாள்: "காக்கு, துமச்யா கராத் கிதி வாஸ் யேதோ!"

வாசம் என்று நினைத்துத்தான் வாஸ் என்றாள். மராட்டிக் காதில் அது, 'உங்க வீடு என்னமா நாறுது!' கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

"நல்லதத்தானேடி சொன்னேன்?" அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

பள்ளியில் மராட்டி படித்த நான் ஓடிப்போய், தமிழில் மல்லிகைக்கும் அதே சொல்தான் என்றேன். காக்கு சிரித்த சிரிப்பில் தகரம் அதிர்ந்தது.

அதன்பின் வாணலி அடுப்பேறும்போதெல்லாம் சுவருக்கு அப்பாலிருந்து குரல் வரும்: "ஏ மத்ராசி, வாஸ் யேதோ கா?"

மாவுக் கையோடு, கண்ணை மூடி, ஆழ இழுத்துவிட்டு அம்மா கத்துவாள்: "ரொம்ப நாறுது காக்கு, ரொம்ப!"