அரைமணி அக்கா

எங்கள் நரம்பு வார்டில் அந்த நர்ஸுக்கு 'அரைமணி அக்கா' என்று பெயர். நடுக்கவாத நோயாளிகளுக்கு மாத்திரை கொடுத்து அரை மணி ஆகாமல் சாப்பாட்டுத் தட்டை உள்ளே விடமாட்டார். சாப்பாடு முந்திக்கொண்டால் மாத்திரை சரியாக வேலை செய்யாது. கை கால் விறைத்துப்போகும். சாப்பாட்டு வண்டிக்காரர் அக்காவின் தலையைக் கண்டாலே வண்டியைத் திருப்பிவிடுவார்.

"எமனே வந்தாலும் இந்தம்மா அரை மணி வெளியில நிக்க வெச்சுடும்" என்று முணுமுணுப்பார்.

அது மட்டும் அக்காவால் முடியாமல் போய்விட்டது.

அக்காவின் கணவருக்கும் அதே நோய்தான். வருஷக்கணக்கில் பஸ் ஓட்டிய கைக்கு ஒரு ஸ்பூன் பிடிபடாது. மாத்திரை வேலை செய்கிற நேரத்தில் மட்டும் தானே எடுத்துச் சாப்பிடுவார். அதனால் வீட்டிலும் அதே சட்டம்.

"ஆஸ்பத்திரியிலதான் உன் ராஜ்ஜியம்னா இங்கயுமா?" என்று பசியில் பொருமுவார். ஆனால் அவர் கை இளகும்வரை அக்காவும் பட்டினிதான்.

போன மாதம் நிமோனியா வந்து அவரைக் கொண்டுபோய்விட்டது. அடக்கம் முடிந்து வீடு திரும்பியதும், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத அக்காவின் முன் மகள் தட்டை வைத்தாள்.

"ஒரு வாய் சாப்பிடும்மா."

அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "இருடி, அப்பாவுக்கு இன்னும் அரை மணி ஆகலை."

மகள் தட்டை மூடிவைத்தாள்.

"சரிம்மா, ஆகட்டும்" என்று அம்மாவை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.