இரண்டு காலிலும் கோடு

எங்கள் குப்பத்தில் முதன்முதலாகப் படம் பிடித்துப் பார்த்த எலும்பு என்னுடையதுதான். பெருமைக்காகச் சொல்லவில்லை என்றால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். திருவொற்றியூர் கடற்கரையில் கால் உடைந்தவர்கள் அந்தக் காலத்தில் நிறையப் பேர். எல்லோருக்கும் உளுந்து மாவும் முட்டை வெள்ளையும் பூசி, மூங்கில் தப்பை வைத்து ஒரு கட்டு. அதோடு சரி. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், இருட்டு அறையில் படுத்து, தோலுக்கு உள்ளே இருப்பதைக் காட்டிவிட்டு வந்தவள் நான் ஒருத்திதான். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், எழுதுவதும் அப்படித்தான். அதனால் மெதுவாகத்தான் சொல்வேன்.

அப்போது நான் வயதுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதுவரை பையன்களோடு மணலில் ஓடிக்கொண்டிருந்தவள், பந்தலும் புட்டும் முடிந்த மறுநாளே பெரிய மனுஷி ஆகிவிட்டேன். உரக்கச் சிரிக்காதே, ஓடாதே, கட்டைமேல் ஏறாதே என்றார்கள். அப்படி என்ன மாறிவிட்டது என்று கையையும் காலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எல்லாம் பழையபடியேதான் இருந்தன.

நைனாவின் அக்கா, என் அத்தை, காசிமேட்டில் இருந்தாள். தாயில்லாத நைனாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அவளுடைய மகன் மீசை முறுக்கிய ஆள், தனியாகக் கட்டுமரம் தள்ளிக்கொண்டு கடலுக்குப் போகிறவர். நல்லவர். வரும்போதெல்லாம் எனக்குப் பொரி உருண்டை வாங்கி வருவார். அவருக்கும் எனக்கும் ஆவணியில் கல்யாணம் என்று வெற்றிலைத் தட்டோடு வந்து அத்தை சொன்னாள். நைனா தலையை ஆட்டினார். அக்காவிடம் அவருக்கு ஒரே ஒரு தலையாட்டுதான் தெரியும். அம்மாவை யாரும் கேட்கவில்லை. அவளாகத்தான் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள்.

"அவ இன்னும் கொழந்தையாட்டம் கீறா அண்ணி."

"உன்ன இந்த வூட்டுக்கு இட்டாந்தப்போ நீ இன்னா கெழவியாவா இருந்தே?" என்றாள் அத்தை.

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்திருப்பாள். குனிந்து செதில் தேய்த்துக்கொண்டிருந்ததால் முகம் தெரியவில்லை.

கட்டுமரம் கரையேறியதும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியாக மணலில் காயப் போடுவார்கள். ஒரு மத்தியானம், பெரியவர்கள் அசந்திருந்த நேரம், பெரிய மனுஷி நான் ஒரு கட்டைமேல் ஏறினேன். கட்டை உருண்டது. வலது கணுக்கால் உள்பக்கமாக மடங்கி, சாயங்காலத்துக்குள் பனங்காய் அளவு வீங்கிவிட்டது. கட்டுப் போடுகிறவர் விரலால் அமுக்கிப் பார்த்து எலும்பு போய்விட்டது என்றார்.

சேதி காசிமேட்டுக்குப் போனது. கல்யாணப் பெண்ணுக்குக் கால் உடைந்தால் சும்மாவா? மீன்காரியின் காலில்தானே குடும்பம் நடக்கிறது. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போகவேண்டிய கால். அத்தையின் புருஷன், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், துறைமுகத்தில் மூட்டை ஏற்றும் வேலையில் இருந்தார். ஒரு முறை பாதத்தில் பெட்டி விழுந்து அவருக்குப் படம் எடுத்திருந்தார்கள். அந்தப் படத்தைத் தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்து, வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். அதனால் எங்கள் சொந்தத்தில் எலும்பு விஷயம் எல்லாம் அவரிடம்தான் போகும். கட்டு கிட்டு வேண்டாம், படம் எடுத்தால் உண்மை தெரிந்துவிடும் என்று அவர்தான் சொல்லி அனுப்பினார்.

நைனா கடலுக்குப் போயிருந்தார். அம்மா என்னை முதுகில் சுமந்துகொண்டு ரயில் ஏறினாள். பெரிய மனுஷியை முதுகில் தூக்கிக்கொண்டு போகிறாளே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

இருட்டு அறையில் மேசை ஐஸ் மாதிரி சில்லென்று இருந்தது. படம் எடுக்கிறவர் வீங்கின காலை நேராக ஒரு தரம், சாய்த்து ஒரு தரம் எடுத்தார். பிறகு நல்ல காலைப் பிடித்து மேசைமேல் வைத்தார். தெரியாமல் செய்கிறார் என்று நினைத்து, அது நல்ல கால், அடிபட்டது இது என்று எடுத்துச் சொன்னேன். தெரியும், ஆடாமல் இரு என்றார். தெரிந்தே ஒருவர் தப்பான காலைப் படம் பிடிப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

டாக்டரம்மா படங்களை வெளிச்சக் கண்ணாடியில் மாட்டினார். புகைக்குள் நிற்கிற மாதிரி என் எலும்புகள் வெள்ளையாக நின்றன. கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே பெரிய எலும்பில் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு ஓடியது. பக்கத்துச் சின்ன எலும்பிலும் ஒரு கோடு. அம்மா அதைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டரம்மா சிரித்தார். "பயப்படாதீங்க. இது உடைசல் இல்ல. எலும்பு வளர்ற இடம். அந்தக் காலையும் பாருங்க, அதே இடத்துல அதே கோடு. ரெண்டும் ஒண்ணு போல இருக்கான்னு பார்க்கத்தான் நல்ல காலையும் எடுக்கச் சொன்னேன். உள்ளே தசைநார்தான் பிசகியிருக்கு."

அம்மா கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தக் கோடு எப்போதுமே இருக்குமா என்று கேட்டாள். வளர்ந்து முடிந்ததும் மூடிக்கொள்ளும், இன்னும் இரண்டு மூன்று வருஷம் போகலாம் என்றார் டாக்டரம்மா.

"அது வரைக்கும் இவ கொழந்ததானே?"

"எலும்பு அப்படித்தாம்மா சொல்லுது."

அம்மா அதை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டாள். எனக்கோ ஒன்றும் விளங்கவில்லை. உடையவில்லை, ஆனால் கோடு இருக்கிறது. குப்பத்தில் பெரிய மனுஷி, கண்ணாடியில் குழந்தை. காலில் துணியை இறுக்கிச் சுற்றி, படங்களைக் காகித உறையில் போட்டுக் கொடுத்து, மறுபடி வரும்போது கொண்டுவரச் சொன்னார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தையும் மாமாவும் வந்தார்கள். நைனா பாய் விரித்தார். மாமா உட்காரவில்லை. படங்களை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போய், ஒற்றைக் கண்ணை மூடி, வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். பக்கத்து வீட்டுக்காரர்களும் கூடிவிட்டார்கள்.

"இத்தோ பாரு, விரிசல். கம்பி வச்ச மாறி ஓடுது," என்றார். பிறகு இன்னும் உற்றுப் பார்த்து, "சின்ன எலும்புலயும் கீது" என்றார். அடுத்த படத்தைத் தூக்கினார். முதல் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இது எந்தக் காலு?"

நல்ல கால் என்று நானே சொன்னேன். சரியாகப் பதில் சொன்ன பெருமை எனக்கு.

"நல்ல காலா? இதுலயும் அதே கோடு கீதே."

அத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். அப்படிப் பார்த்தாலும் கோடு இருந்தது. மாமா பெரிய வைத்தியர் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டார். விழுந்தது ஒரு கால், ஆனால் உடைந்திருப்பது இரண்டு கால். அப்படியென்றால் இது விழுந்ததால் வந்தது இல்லை, பிறவியிலேயே இவளுக்கு எலும்பு ஒட்டவில்லை என்றார். அவருடைய பாதத்துப் படத்தில் இப்படிக் கோடே கிடையாதாம். அதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

"டாக்டரு இன்னா சொன்னாங்கோ?" என்று நைனா அம்மாவைக் கேட்டார்.

அம்மா படத்தை வாங்கி மெதுவாக உறையில் போட்டாள். "இங்கிலீசுல சொன்னாங்கோ. எனக்கு இன்னா தெரியும்?"

நான் வாயைத் திறந்தேன். டாக்டரம்மா தமிழில்தானே பேசினார், அதுவும் நம்மைவிட நல்ல தமிழில். ஆனால் அம்மாவின் கை என் தோளில் விழுந்தது. அடிக்கவில்லை, கிள்ளவும் இல்லை. சும்மா அங்கேயே இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

அத்தை ரொம்ப நேரம் என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூடை தாங்காது தம்பி இந்தக் கால் என்று நைனாவிடம் சொன்னாள். சொல்லும்போது அழுதாள், அது நிஜமான அழுகை. நைனா கடலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அம்மா எல்லோருக்கும் டீ கொடுத்தாள்.

அதன்பிறகு நான் உடைந்தவளாகவே நடந்தேன். வீக்கம் வடிந்தது, வலி போனது, துணியும் போனது. ஆனாலும் இரண்டு காலிலும் விரிசல் இருக்கிறதே என்று பயந்து, பச்சை மண் பானையை எடுத்து வைப்பது போலக் காலை எடுத்து வைத்தேன். குப்பத்துக்குள் அம்மாவும் பார்த்து நட, மெதுவாக நட என்பாள். மீன் விற்கக் கூட்டிக்கொண்டு போகும்போது ரயில் கேட்டைத் தாண்டியதும், சின்னக் கூடையை என் தலையில் வைத்து, "இப்ப ஒயுங்கா நட" என்பாள். நடந்தால் நடக்க வந்தது. திரும்பி வரும்போது கேட்டுக்கு முன்னால் கூடையை வாங்கிக்கொள்வாள். கேட்டுக்கு அந்தப் பக்கம் என் கால் ஏன் நன்றாகிறது, இந்தப் பக்கம் ஏன் உடைகிறது என்று ரொம்ப நாள் யோசித்தேன். தண்டவாளத்தில் ஏதோ சக்தி இருக்கிறது என்று முடிவு செய்து, யாரும் பார்க்காதபோது அதைத் தொட்டுக் கும்பிட்டேன். அந்தக் கால்களால்தான் பின்னாளில் தண்டையார்பேட்டை வரைக்கும் கூடை சுமந்தேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஆவணியில் அத்தை மகனுக்குக் கல்யாணம் நடந்தது. எண்ணூர்ப் பக்கத்துப் பெண். போகாமல் இருக்க முடியுமா? போனோம். மணையில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் என் உயரம்தான் இருப்பாள், ஒருவேளை கொஞ்சம் குறைவாகவும் இருக்கலாம். மெட்டி போட்டபோது அது விரலில் நிற்கவில்லை, கழன்று கழன்று விழுந்தது. அத்தை நூலை எடுத்து மெட்டியில் சுற்றி இறுக்கி மாட்டிவிட்டாள். அந்தப் பெண் சிரித்தாள். எனக்கு அந்த வெள்ளி மெட்டிமேல் அப்படி ஒரு ஆசை.

பந்தியில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். இலையில் வைத்தது வைத்தபடி இருக்க, அம்மா அந்தப் பெண்ணின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைக்கு வந்த சம்பந்தம் போய்விட்டதே என்று வருத்தப்படுகிறாள் என்று நினைத்தேன். என் கோடு மூடட்டும்மா, எனக்கும் பண்ணிவிடலாம் என்று தேறுதல் சொன்னேன். அவள் இலையை மடித்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அந்தப் பெண்ணின் காலை யாரும் படம் பிடித்திருக்கவில்லை.